கயிற்றில் ஒரே ஓர் அட்டை

இந்துஜா வீட்டுத் தபால்பெட்டிக்குச் சாவி எப்போதோ தொலைந்துபோய்விட்டது. பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பழைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில், வரிசை வரிசையாகத் துருப்பிடித்த பெட்டிகள். அவர்களுடையது மேல்வரிசையில் ஓரம். பத்துக் காசை இடுக்கில் விட்டு ஒரு திருகு திருகினால் சொன்னபடி கேட்டுத் திறந்துகொள்ளும். அந்த வித்தையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவர் அப்பா. வேறு யாருக்கும் அது தெரியாது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அப்பா ரஞ்சனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பைத்தியம் என்று சொன்னது அவருடைய ஆபீஸ் நண்பர்கள்தான். "வாட்ஸ்அப்புல ஒரு விளக்குப் படத்தைத் தட்டி விட்டா முடிஞ்சுபோச்சு லா ரஞ்சன். இந்தக் காலத்துல யாரு கார்டு போடுறா?" என்று சிரிப்பார்கள். அவர் கேட்கமாட்டார். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ரவாங்கில் இருக்கும் சித்தப்பாவுக்கு, தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போன பழைய கூட்டாளிக்கு, எதிர்வீட்டுச் சீனக் கிழவருக்கு என்று ஒவ்வொன்றாகக் கையால் எழுதுவார். எழுதினால் சும்மா போகுமா? திரும்பி வரும். வருகிற அட்டைகளை எல்லாம் ஜன்னல் கம்பியிலிருந்து அடுப்படிக் கதவு ஆணி வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரித் தொங்கவிடுவார். தலைக்கு மேல் காற்றாடி சுற்றும்போது அத்தனையும் சலசலவென்று ஆடும். இந்துஜாவுக்குத் தீபாவளி என்றால் பலகாரமோ பட்டாசோ அல்ல, அந்தச் சலசலப்புதான்.

மே மாதம் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போன மனிதர் வீடு திரும்பவில்லை. நெஞ்சுவலி. அவ்வளவுதான், போய்விட்டார்.

அதனால் அந்த வருஷம் அவர்களுக்குத் தீபாவளி கிடையாது. ஆட்டைத் திவசம் கழியும் வரைக்கும், அதாவது ஒரு வருஷம் திரும்பும் வரைக்கும், வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, புதுத்துணி இல்லை, வாசலில் கோலம் இல்லை. யாரும் வந்து வாழ்த்துச் சொல்லவும் மாட்டார்கள். துக்க வீட்டுக்கு வாழ்த்துச் சொன்னால் வெந்த புண்ணில் விரல் வைத்த மாதிரி என்று எல்லாருக்கும் தெரியும். பண்பானவர்கள் ஒதுங்கித்தான் நிற்பார்கள். இதையெல்லாம் வீட்டோடு இருந்த தங்கரத்தினம் மாமி, அப்பாவின் அக்கா, இந்துஜாவை உட்கார வைத்து விளக்கினாள். மாமி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். கடல் தாண்டி வந்து மூன்று தலைமுறையாகியும் பேச்சை விட்டு யாழ்ப்பாணம் போகவில்லை.

"விளங்குதா பிள்ளை? இந்த வருஷம் எங்களுக்கு ஒண்டும் இல்லை."

விளங்கியது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மனது கிடந்து அடித்துக்கொண்டது. பலகாரம் வேண்டாம், சட்டை வேண்டாம். கயிற்றில் தொங்கவிட ஒன்று, ஒரே ஒன்று வந்தால் போதும். யாரிடம் போய்க் கேட்பாள்? கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் வாழ்த்தா?

அப்படி இருக்கும்போதுதான் மலர் டீச்சரின் வகுப்பு வந்தது.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைகளில் நடக்கும் வகுப்பு அது. நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிலிருந்து இடைநிலைப்பள்ளி இரண்டாம் படிவம் வரைக்கும் சேர்ந்து உட்கார்ந்து, பண்டிகையை வைத்து ஏதாவது எழுதுவார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம். கீழே ரசம் கொதித்தால் மேலே வகுப்பே பசியில் நெளியும். மலர் டீச்சர் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். தனியாள். கையில் ஒரு குடை, தோளில் ஒரு பெரிய பை, அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். ஒரு வருஷம் நல்லெண்ணெய், ஏலக்காய், சூடம் எல்லாவற்றையும் குப்பிகளில் போட்டுக்கொண்டு வந்து, கண்ணைக் கட்டி முகரவிட்டு, மூக்குக்கு வந்ததை எழுதச் சொன்னார்.

அந்த வருஷம் முதல் சனிக்கிழமை இந்துஜா போகவில்லை. அப்பாவுக்காகக் கோயிலில் ஒரு பூசை இருந்தது. அவள் இல்லாத அந்த ஒரு நாளில் வகுப்பில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் படியேறிப் போனாள். உள்ளே ஒரே கூச்சலாக இருந்த கூடம் அவள் தலையைக் கண்டதும் விசிறியை நிறுத்தின மாதிரி அடங்கிப்போனது. ஜனனி நகர்ந்து இடம்விட்டாள். ஜனனி அவளுடைய பள்ளிக்கூடத் தோழி, செட்டியார் வீட்டுப் பெண். வழக்கமாக வாய் மூடாதவள், அன்றைக்கு "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். காலை ஒன்பது மணிக்கு என்ன சாப்பாடு?

அன்றைய வேலை கோலம். ஒருத்தர் ஒரு கோலத்தை எப்படிப் போடுவது என்று வார்த்தையில் எழுத வேண்டும். படம் கூடாது. இன்னொருத்தர் அதைப் படித்து, அதில் சொன்னபடி மட்டும் கரும்பலகையில் போட வேண்டும். இந்துஜா எழுதியது பிரவினுக்குப் போனது. பிரவின் முதலாம் படிவம், வகுப்பிலேயே உயரமானவன். வாயும் அதற்கேற்ற நீளம்.

அவன் போட்டு முடித்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பிரவின், இதென்னடா?"

"கோலம், டீச்சர்."

"தவளை லா அது," என்றான் லோகன். நாலாம் ஆண்டு, இருக்கிறதிலேயே சின்னவன். மனதில் பட்டது உடனே வாய்க்கு வந்துவிடும். "பஸ்ஸுல அடிபட்ட தவளை."

"என் தப்பு இல்ல! அவ எழுதியிருக்கறதைப் பாருங்க. 'புள்ளியைச் சுற்றி வளைத்துக் கொண்டு போ'. எங்க கொண்டு போறது? சொல்லவே இல்ல. நானும் போய்க்கிட்டே இருந்தேன். பலகை முடிஞ்சிடுச்சு."

இந்துஜா சிரித்துவிட்டாள். மே மாதத்துக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த கையோடு சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ உடையக்கூடிய சாமானைப் பார்க்கிற மாதிரி. சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"நம்ம தலைக்குள்ள இருக்கிறது படிக்கிறவனுக்குத் தெரியாது," என்றார் டீச்சர். "எழுதினாத்தான் தெரியும். நினைச்சுக்கிட்டா மட்டும் போதாது."

அதற்கடுத்த சனிக்கிழமை டீச்சரின் பைக்குள்ளிருந்து ஒரு மைலோ டின் வெளியே வந்தது. டின்னுக்குள் மடித்த சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர். எடுத்த பேருக்குரியவருக்கு ஒரு தீபாவளி வாழ்த்து அட்டை எழுத வேண்டும். எழுதி, உறையில் போட்டு, முகவரியைத் தன் கையால் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, உண்மையான தபாலில் சேர்க்க வேண்டும். யார் எழுதியது என்று பேர் போடக் கூடாது. நடுவில் ஒரு சனிக்கிழமை வகுப்பு இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கடைசி வகுப்புக்கு எல்லாரும் தங்களுக்கு வந்த அட்டையைக் கொண்டுவந்து வாசிப்பார்கள். எழுதினவர் அப்போது கையைத் தூக்கலாம்.

"ஒரு சட்டம் இருக்கு," என்றார் டீச்சர். "கட்டுரைப் புத்தகத்துல மனப்பாடம் பண்ணின வரி ஒண்ணுகூட வரக் கூடாது. 'இல்லந்தோறும் ஒளி வெள்ளம் பாய'ன்னு யாராவது எழுதினீங்க, கிழிச்சுப் போட்டுருவேன். அந்த ஆளுக்கு மட்டும் பொருந்துற மாதிரி ஒரு வரியாவது இருக்கணும். வேற யாருக்கு அனுப்பினாலும் அந்த வரி பொருந்தக் கூடாது."

"பிரவினுக்குன்னா ஈஸி டீச்சர். 'உன் கால் நாறுது'ன்னு எழுதலாம்," என்றான் லோகன்.

"உனக்கு மூக்கே என் முட்டி உயரத்துலதானே இருக்கு, அதான்," என்றான் பிரவின்.

டின் கைமாறிக் கைமாறி வந்தது. இந்துஜாவிடம் வரும்போது ஒரே ஒரு சீட்டுத்தான் மிச்சம். பிரித்தாள். 'மலர் டீச்சர்' என்று இருந்தது. முதலில் ஆச்சரியம், பிறகு ஒரு சந்தோஷம். டீச்சரும் விளையாட்டில் இருக்கிறாரா! அப்படியென்றால் தன் பேரும் இந்நேரம் யார் கையிலோ மடிந்து கிடக்கிறது. யார் கை? அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறென்ன? இனி யாரையும் கேட்க வேண்டாம். சட்டப்படியே அவளுக்கு ஓர் அட்டை வந்தாக வேண்டும்.

படியிறங்கும்போது ஜனனியின் தோளை இடித்தாள். "நீ யாரை எடுத்தே?"

"சொல்லக் கூடாது லா."

"எனக்கு யார் எழுதப் போறாங்களோ!"

ஜனனி நின்றாள். வாயைத் திறந்தாள். "இந்து... உனக்கு வந்து..." என்று இழுத்தவள், "ஒண்ணுமில்ல. அம்மா காருல காத்திருக்காங்க," என்று ஓடிவிட்டாள்.

இந்துஜா அன்றைக்கே டீச்சருக்கு எழுதி, மறுநாளே தபாலில் போட்டாள். அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு.

பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப்பையைக்கூட இறக்காமல் பெட்டிக்கு முன்னால் நிற்பாள். காசை விட்டுத் திருகுவாள். மின்சார பில். மறுநாள், குழாய் ரிப்பேர்காரனின் துண்டுத்தாள். அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை, ஒரு பல்லி. பள்ளிக்கூடத்தில் ஜனனி தனக்கு வந்த அட்டையைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்துஜா பக்கத்தில் வந்ததும் பேச்சு கணக்குப் பாடத்துக்குத் தாவியது. ஒரு நாள் தபால்காரரையே மோட்டார் சைக்கிளோடு வழிமறித்து, தனக்கு அட்டை எதுவும் இல்லையா என்று மலாயில் கேட்டாள். அவர் கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார், பாவம், நல்ல மனுஷர்.

"பெலும் லா, அடிக்," என்றார். இன்னும் வரவில்லை, தங்கச்சி என்கிறார். இன்னும் என்றால் வரும் என்றுதானே அர்த்தம்?

முதல் வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவளுக்கு ஒரு பயம் பிடித்தது. கடைசி வகுப்பில் எல்லாரும் ஆளுக்கொன்றாக எடுத்து வாசிக்கும்போது, தான் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாரும் மறுபடி அந்த உடையக்கூடிய சாமானைப் பார்க்கிற பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நினைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அப்பாவின் மேசை இழுப்பறையில் போன வருஷம் மிஞ்சின அட்டைகள் இருந்தன. ஸ்டாம்பும் இருந்தது. அவர் எப்போதும் நாலைந்து கூடுதலாகத்தான் வாங்குவார், "யாரையாவது மறந்துட்டா?" என்று. மயில் விளக்குப் படம் போட்ட ஒன்றை இந்துஜா எடுத்தாள். கதவைச் சாத்தினாள். பேனாவை இடது கையில் பிடித்தாள்.

திங்கட்கிழமை அதைத் தபாலில் சேர்த்தாள். சேர்த்த பிறகும் பெட்டியைத் தினமும் திறந்து பார்த்தாள். வேறு ஏதாவது முந்திக்கொண்டு வந்துவிடாதா, வந்தால் தன்னுடையதைக் கிழித்துப் போட்டுவிடலாமே என்று. வரவில்லை. வெள்ளிக்கிழமை அதுதான் வந்தது. கோணல்மாணலான எழுத்தில் தன் பேர், ஸ்டாம்ப், அதன் மேல் முத்திரை. சொன்னால் நம்பமாட்டீர்கள், உறையைப் பிரிக்கும் அந்த ஒரு நொடி அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. யாரோ அனுப்பினதுபோலவே இருந்தது.

தீபாவளி திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை கடைசி வகுப்பு. கீழே தெருவெல்லாம் விளக்குத் தோரணம், சேலைக்கடைகளில் பாட்டு, நடைபாதையில் பலகாரக் கடைகள், நடக்க வழியில்லை. மேலே கூடத்தில் டீச்சர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்.

ஒவ்வொருவராக வாசித்தார்கள். லோகனுக்கு வந்த அட்டையில், 'நீ பேசுவதை நிறுத்தினால் தீபாவளி அன்று பட்டாசுச் சத்தம் எங்களுக்குக் கேட்கும்' என்று இருந்தது. "பிரவின்! நீதான்!" என்று அவன் கத்த, பிரவின் கையைத் தூக்கி ராஜா மாதிரி வணங்கினான். ஜனனிக்கு எழுதினவள் ஜனனியின் ரப்பர் சேகரிப்பைப் பற்றி எழுதியிருந்தாள். எல்லா அட்டையிலும் அந்த ஆளுக்கு மட்டும் பொருந்தும் வரி இருந்தது. டீச்சர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"டீச்சர், உங்களுக்கு?" என்று கேட்டார்கள்.

டீச்சர் பையிலிருந்து தனக்கு வந்ததை எடுத்து வாசித்தார்.

"'அன்புள்ள டீச்சர், டீச்சர்களுக்கு யாரும் அட்டை போடுவதில்லை. அதனால் நீங்களே உங்கள் பேரை டின்னில் போட்டுக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல வேலை செய்தீர்கள். இனி ரயிலில் கிள்ளானுக்குத் தனியாகப் போகும்போது இதைப் படிக்கலாம்.'"

இந்துஜா கையைத் தூக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை. அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், "சரி, அவ்வளவுதான். கீழேயிருந்து வடை வந்திருக்கு. ஆறிப்போறதுக்குள்ள எல்லாரும்..." என்று எழுந்தார்.

"டீச்சர், நான் இன்னும் வாசிக்கல."

எழுந்த டீச்சர் அப்படியே நின்றார்.

"எனக்கு வந்தது," என்றாள் இந்துஜா. உறையிலிருந்து அட்டையை எடுத்தாள். வாசித்தாள்.

"'இந்துஜா, உன் வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை என்று தெரியும். அதனால் வாழ்த்துச் சொல்லவில்லை. நீ பத்துக் காசை வைத்துத் தபால்பெட்டியைத் திறப்பாய் என்றும் தெரியும். திறக்கும்போது உள்ளே உனக்கென்று ஏதாவது இருக்கட்டும் என்றுதான் இதை அனுப்பினேன்.'"

முடிந்தது. கீழே கடைக்காரர் யாரையோ "அண்ணே, ரெண்டு இலை!" என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது.

இந்துஜா அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரும் கை தூக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள். எழுதினவருக்கு வெட்கமாக இருக்கும், போகட்டும் டீச்சர் என்று சொல்லி உட்கார்ந்துவிட வேண்டியது. சொல்ல வாயெடுத்துத் தலையை நிமிர்த்தினாள்.

ஜனனி கையைத் தூக்கியிருந்தாள்.

அதே நேரத்தில் பிரவினும் தூக்கியிருந்தான்.

டீச்சரின் கையும் தோள் வரைக்கும் வந்து, மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் நின்றது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிரவின் சட்டென்று இறக்கினான். அவன் இறக்குவதைப் பார்த்து ஜனனியும் இறக்கினாள். ஜனனி இறக்கிவிட்டாளே என்று பிரவின் மறுபடி தூக்கினான்.

"எப்படி மூணு பேரு?" என்றான் லோகன். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "இந்து அக்கா பேருதான் டின்னுலயே இல்லையே. அவங்க வராத அன்னைக்கு டீச்சர்தானே சொன்னாங்க? அவங்க வீட்டுல சாவு, யாரும் தீபாவளி வாழ்த்துச் சொல்லிடாதீங்கன்னு. அந்தப் பேருக்குப் பதிலாத்தானே டீச்சர் பேரு..."

"வாயை மூடுடா!" என்று பிரவின் அவன் தொடையில் கிள்ளினான். லோகன் "ஆ" என்றான்.

இந்துஜாவுக்குக் காது இரண்டும் சுட்டது. எல்லாருக்கும் தெரியும். அவள் அட்டையை வெளியே எடுத்தபோதே தெரியும். வாசித்த ஒவ்வொரு வரியும் அவளே எழுதினது என்று, வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

டீச்சர் பக்கத்தில் வந்தார். "இந்துஜா... உங்க வீட்டுல துக்கம். வாழ்த்து அட்டை வந்தா வீட்டுல மனசு கஷ்டப்படும்னுதான்... உங்கம்மாகிட்டகூடக் கேட்டுட்டுத்தான்..."

"வீட்டுலதானே டீச்சர் துக்கம்?" என்றாள் இந்துஜா. குரல் உயரவில்லை. "என் பேரு என்ன பண்ணுச்சு?"

எத்தனையோ வருஷமாக வார்த்தையைப் பற்றியே பாடம் சொன்ன டீச்சர் கையைப் பிசைந்தார்.

இந்துஜா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். டீச்சர் பின்னாலேயே பாதிப் படி வரைக்கும் வந்தார். "கண்ணு, நில்லு. நான் இன்னைக்கே எல்லாரையும் எழுதச் சொல்றேன். நானும் எழுதுறேன்."

"சொல்லி எழுத வேணாம் டீச்சர்," என்று திரும்பாமலேயே சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். பலகாரக் கடை ஆள் ஒருத்தன் அவளைப் பார்த்து, "தங்கச்சி, ஹேப்பி தீபாவளி!" என்று ஒரு துண்டு அல்வாவை நீட்டினான். வாங்கிக்கொண்டாள். பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவன் ஒருத்தன்தான் அந்த வருஷம் அவளுக்கு வாழ்த்துச் சொன்னான்.

வீட்டில் அம்மா ராஜினி சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமி ஜன்னலோரம் செய்தித்தாளோடு இருந்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் சின்ன விளக்கு.

"உதென்ன கையில?" என்றாள் மாமி.

"கார்டு."

"செத்த வீட்டுக்கு ஆர் வாழ்த்து அனுப்பினது? அறிவில்லையோ அவைக்கு?"

அம்மா கையை நீட்டினாள். இந்துஜா கொடுத்தாள். அம்மா படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பத்துக் காசு என்ற இடத்தில் அவள் கண் நின்றது. "பத்துக் காசா? நீ சாவி போட்டுத் திறக்கிறேன்னுதான் நான் நினைச்சேன்," என்றாள் தனக்குத்தானே. பிறகு கேட்டாள், "யார் எழுதினது?"

வகுப்பில் சொல்ல வைத்திருந்த பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொய் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நான்தான்."

அம்மா அட்டையை மூடினாள். "டீச்சர் ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. உன் பேரை விட்டுடவான்னு. நான்தான் சரின்னு சொன்னேன். தீபாவளி அட்டையைப் பார்த்தா உனக்கு அப்பா ஞாபகம் வந்து வலிக்குமேன்னு."

"இப்பவும் வலிக்குதும்மா."

அம்மா எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். மேல்தட்டில் எதையோ உருட்டும் சத்தம். திரும்பி வரும்போது கையில் அந்த நைலான் கயிறு.

மாமி செய்தித்தாளைக் கீழே வைத்தாள். "ராஜினி, என்ன செய்யிறாய்? ஆட்டைத் திவசம் முடியாமல் வீட்டில தோரணம் கட்டக் கூடாது."

"தோரணம் இல்ல மச்சாள். கயிறு."

"ஆக்கள் பார்த்தால் என்ன சொல்லுவினம்?"

"யார் பார்க்கப் போறாங்க? இந்த வீட்டுக்கு யார் வரப் போறாங்க?"

மாமி தம்பியின் படத்தைப் பார்த்தாள். அப்புறம், "சரி, நடுவில வேண்டாம். ஓரமாய்த் தொங்க விடு," என்று சொல்லிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஜன்னல் கம்பியிலிருந்து ஆணி வரைக்கும் கட்டினார்கள். அவ்வளவு நீளக் கயிற்றில் அந்த ஒரே ஓர் அட்டை, துணிக்கம்பியில் மறந்துவிட்டுப்போன கைக்குட்டை மாதிரி இருந்தது. காற்றாடியைப் போட்டாள் இந்துஜா. சலசலக்கும் என்று நின்று கேட்டாள். ஒன்று மட்டும் எப்படிச் சலசலக்கும்? தன்பாட்டுக்கு மெதுவாகச் சுழன்றது. ஒரு பக்கம் மயில் விளக்கு, மறுபக்கம் வெறும் வெள்ளை.

தீபாவளி அன்று விடியலிலேயே எல்லா மாடியிலிருந்தும் நல்லெண்ணெய் வாசமும் பிள்ளைகளின் கும்மாளமும் கிளம்பின. இவர்கள் வீட்டில் அம்மா கஞ்சி வைத்தாள். மூன்று பேரும் குடித்தார்கள். அட்டை சுழன்றுகொண்டே இருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பள்ளிவிட்டு வந்த இந்துஜா பையோடு லிஃப்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பழக்க தோஷம், கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் காசை எடுத்தது. மேல்வரிசை ஓரப் பெட்டியின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஒன்றல்ல, நாலைந்து இருக்கும்போலப் பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் சொல்லியிருப்பார். உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். எல்லாவற்றிலும் அவளுக்கு மட்டும் பொருந்தும் ஒரு வரி இருக்கும். அந்த வரி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க எல்லா வரியும் அப்பா இல்லாத பிள்ளை என்ற ஒரே வரியாகத்தான் வந்தது.

காசை இடுக்கு வரைக்கும் கொண்டுபோனாள். அப்புறம் விரலை மடக்கிக்கொண்டாள்.

லிஃப்ட் வந்து திறந்தது. காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினாள்.